நாய் படுக்கும் உயரம்

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கதிரையில் இருக்கவில்லை.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒன்றின் கடைசியில் அப்போது எங்கள் வீடு இருந்தது. மனைவி விறாந்தையில் நல்ல கதிரையொன்றைத் துடைத்துப் போட்டிருந்தாள். அவர் அதைத் தாண்டிப் போய், ரெக்சின் பையிலிருந்து பழைய துவாயொன்றை எடுத்து, கதவு நிலையோரம் நிலத்தில் விரித்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். அறுபதை எட்டும் வயது. பூப்போட்ட கவுன், குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் மெல்லிய சிலுவை.

“ஐயோ, கதிரையில இருங்கோ மிஸ்” என்றாள் மனைவி.

“நாய் கதிரையில இருந்தா வீட்டைப் பாக்கப்போகுது?” என்றார்.

பிறகு ஒரு மணித்தியாலம் அவர் அப்படியே இருந்தார். பகல் இரண்டு மணி. கடல் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டு, தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது. கரையோர ரயில் போனபோது அலுமாரிக் கண்ணாடிகள் மெல்லக் கிணுகிணுத்து ஓய்ந்தன. அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். எனக்கும் கண் சொருகியது. ஒரு கட்டத்தில் அவர் துவாயில் சரிந்து, கன்னத்தை நிலத்தில் வைத்து, கேற்றின் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார். வேறு யாராவது அப்படிக் கிடந்திருந்தால் நான் பதறியிருப்பேன். அவர் கிடந்தபோது வீடே கொஞ்சம் உயர்ந்துவிட்டதாகத் தோன்றியது.

எழுந்து கவுனைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “கேற்றுக்குக் கீழ நல்ல இடைவெளி இருக்கு. ரோட்டில போறவங்கட கால் எல்லாம் தெரியுது. நாய்க்கு அதுதான் டீவி.”

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதும் உரிமை எனக்கில்லை. கொட்டாஞ்சேனையில், கோயில் மணியும் துறைமுகக் கப்பல்களின் சங்கும் ஒன்றாகக் கேட்கும் ஒரு சந்துக்குள் தனியாக இருந்தார். முப்பது வருடம் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தவர். வைத்தியர் தொழிலை விட்ட பிறகும், நாய் வளர்க்க நினைத்த கொழும்பு வீடுகள் அவரைத் தேடிப் போயின. எந்தச் சாதி நாய் வாங்குவது என்று கேட்பார்கள். அவர் நாயைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பார். பஸ் ஏறி வருவார், நிலத்தில் இருப்பார், போகும்போது தேத்தண்ணீர் மட்டும் குடிப்பார். எல்லாரும் மிஸ் என்றே அழைத்தோம்.

ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டார் ஹஸ்கி வாங்கத் துடித்தார்கள். படத்தில் பார்த்த நீலக் கண் நாய். ஏசி அறை இருக்கிறது, வைத்துக்கொள்வோம் என்றார்களாம். இவர் அந்த வீட்டு ஐயாவிடம் ஒரு கம்பளிப் போர்வையைக் கேட்டு வாங்கி, அவருக்கே போர்த்திவிட்டு, கரண்ட் போன நேரம் என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் முற்றத்தில் இருக்கச் சொன்னார். பத்தாவது நிமிடத்தில் ஐயா போர்வையை வீசிவிட்டு, வேறு நாய் பார்ப்போம் என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. “பாவம், நல்லா வேர்த்திட்டு” என்றார்.

இன்னொரு வீட்டில், மருமகள் பொமரேனியன் கேட்டாள், மாமியார் அல்சேஷன் கேட்டார். இரண்டு பேரும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று இவர் நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மருமகளுக்குப் பகலில் பேச ஆளில்லை. மாமியாருக்கு மருமகளைத் தனியே விட்டுக் கோயிலுக்குப் போகப் பயம். நாய் வேண்டாம், இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்தக் குடும்பம் நெடுநாள் அவரைத் திட்டியது.

அல்சேஷனுக்கு வேலை வேண்டும், வேலை இல்லாவிட்டால் அது வீட்டாரையே மேய்க்கத் தொடங்கும் என்பார். நீள முதுகு, குட்டைக் கால் நாயை மாடிப்படி உள்ள வீட்டுக்குக் கொடுக்கவேமாட்டார். லப்ரடோருக்கு ஆட்கள் வேண்டும். காவலுக்கு அது உதவாது, கள்ளனுக்கும் வாலாட்டும். அவர் ஆகக் கூடுதலாக வீடுகளில் சேர்த்துவிட்டது தெருக்குட்டிகளைத்தான். ஆனால் வெள்ளவத்தை வீடுகளில் தெருநாய் என்றால் முகம் சுளிப்போம். நாயோடு இங்கிலீஷில் கதைக்கிறவர்கள் நாங்கள். கம், சிற், கோ. அவர் மட்டும் நாய்களோடு தமிழில் கதைத்தார், அதுவும் மரியாதையாக. “வாங்க. இருங்க. சாப்பிட்டிங்களா?”

எல்லாம் பார்த்து முடிந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கேற்றில் கைவைத்தபடிதான் கடைசிக் கேள்வியைக் கேட்பார். எந்த வீட்டிலும் அந்த இடத்தில் நின்றுதான் கேட்பாராம்.

“இந்த வீட்டில இன்னும் எவ்வளவு காலம் இருப்பீங்க?”

நாயின் சாதியை அந்தப் பதில்தான் முடிவு செய்தது. நீண்டகாலம் இருக்கும் வீட்டுக்குக் குட்டி கொடுப்பார். இரண்டு மூன்று வருடத்தில் வெளிநாடு போகும் வீட்டுக்கு, பத்து வயது தாண்டிய, யாரோ விட்டுப்போன கிழட்டு நாயொன்றைக் கொடுப்பார். நாயின் மிச்ச ஆயுளும் வீட்டின் மிச்சக் காலமும் ஒன்றாக முடிய வேண்டும். வீடு பூட்டப்படுவதை நாய் பார்க்கக் கூடாது. இதுதான் அவருடைய முழுச் சாத்திரமும்.

அன்று எங்கள் கேற்றில் கைவைத்தபடி என்னிடமும் கேட்டார்.

இந்த இடத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். மகளும் மருமகனும் முந்தின வருடமே கனடா போய்விட்டார்கள். பேத்தி ஆரணி எங்களோடு இருந்தாள். வயது எட்டு. எங்கள் மூவரையும் எடுப்பதற்கு அங்கே ஸ்பொன்சர் போட்டாகிவிட்டது. தாய் போன பிறகு பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், கதைக்கவும்மாட்டாள். அவளுக்காகத்தான் நாய். அதாவது, இன்னும் கொஞ்சக் காலத்தில் பூட்டப்போகும் வீட்டுக்குத்தான் நாய் கேட்டோம்.

விசா விஷயத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. கண்ணூறு பட்டுவிடும் என்று, விமானம் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்கும் சொல்லமாட்டோம். வீட்டுச் சாமான் விற்கிறபோதும், பழசு, புதிது வாங்கப்போகிறோம் என்போம். மனைவி அன்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்: “இஞ்சேருங்கோ, விசா குத்துமட்டும் ஆருக்கும் மூச்சு விடாதேங்கோ. அந்த மனுசி நாலு வீடு போறவ.”

நான் படித்தவன். முப்பத்தைந்து வருடம் பள்ளியில் பௌதிகம் படிப்பித்தவன். கண்ணூறை நம்பாதவன். ஆனாலும் சொன்னேன்: “நாங்கள் எங்கயும் போகேல்லை மிஸ். சொந்த வீடு. சாகுமட்டும் இஞ்சதான்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். எவர் வீட்டிலும் அவர் கால்களைத்தான் பார்ப்பார். பிறகு, நல்லது என்று தலையாட்டினார். இரண்டு கிழமையில், ஒரு நல்ல வீட்டுக்காகவென்று மறித்து வைத்திருந்த லப்ரடோர் குட்டியொன்றைக் கூடைக்குள் வைத்துத் தானே கொண்டுவந்து தந்தார். மூன்று மாதக் குட்டி. தேத்தண்ணீரில் தோய்த்த மாதிரி நிறம். ஆரணி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். தடுப்பூசி அட்டையில் நாயின் பெயரை எழுதி, கீழே, ஏதும் தேவையென்றால் என்று தன் கொட்டாஞ்சேனை விலாசத்தையும் எழுதித் தந்தார்.

அந்த ஒன்றரை வருடம் கனவு மாதிரி இருக்கிறது இப்போது. ஆரணி சாப்பிட்டாள். கதைத்தாள், எங்களோடு அல்ல, நாயோடு. மிஸ்ஸைப் பார்த்து அவளும் தமிழில்தான் கதைத்தாள். “பிஸ்கட், இஞ்ச வாங்கோ. உங்களுக்கு ஒரு கதை சொல்லவேணும்.” ஸ்கூல் வான் ஒழுங்கைக்குள் திரும்புமுன்பே பிஸ்கட் கேற்றடிக்குப் போய், கன்னத்தை நிலத்தில் வைத்து, இடைவெளியால் பார்த்துக்கொண்டு கிடக்கும். வெள்ளைச் சப்பாத்து இரண்டும் வானிலிருந்து இறங்குவது தெரிந்ததும் அதன் வால் நிலத்தைக் கூட்டும். மிஸ் அன்றைக்குக் கிடந்த அதே இடம். மாதம் ஒருமுறை அவர் வந்து பார்ப்பார். பிள்ளையும் அவரும் நாயும் நிலத்தில் கிடப்பார்கள். மூவரும் பேசாமல் தெருவில் போகும் கால்களைப் பார்ப்பார்கள். மீன்காரரின் கால், தபால்காரரின் கால், யாரென்று தெரியாத ஒரு நொண்டிக் கால். கடல் வெளிச்சம் அவர்களுக்கு மேலால் அசைந்துகொண்டிருக்கும்.

விசா வந்தது.

அவரிடம் கொண்டுபோய் விட்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியிருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் கொண்டுபோனால், அந்தக் கேற்றடியில் நான் சொன்னது பொய் என்று அவர் முன்னால் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வெட்கத்துக்காக நாயை வேறு இடத்தில் விட்டேன். பேலியகொடையில் மொத்த மீன் வியாபாரம் செய்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர். ஸ்டோருக்குக் காவல்நாய் தேடிக்கொண்டிருந்தார். கள்ளனுக்கும் வாலாட்டும் சாதி என்று மிஸ் சொன்னது என் காதில் இருந்தது. நான் அவரிடம், நல்ல காவல்நாய் என்றேன். சந்தியில் நிற்கும் ஓட்டோவொன்றில், ஆரணி ஸ்கூலுக்குப் போன நேரம் பார்த்து, கொண்டுபோய் விட்டேன். கயிற்றை வாங்கிய ஆளின் கையை பிஸ்கட் நக்கியது.

பின்னேரம் பிள்ளை வானிலிருந்து இறங்கி, கேற்றின் இடைவெளியைக் குனிந்து பார்த்தாள்.

“அம்மப்பா, பிஸ்கட் எங்க?”

“மிஸ் வீட்டில. மிஸ் நல்லாப் பாப்பா” என்றேன்.

அவள் அழுதாள், ஆனால் கொஞ்ச நேரந்தான். மிஸ் என்றதும் அவளுக்கு ஆறுதல். விமானத்தில் தடுப்பூசி அட்டையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். அதை நான் கவனிக்கவில்லை.

ரொறன்ரோ போய் நான்கு மாதத்தில் அவளுடைய மேசையில் ஒரு புகைப்படம் இருந்தது. சிவப்புப் பொலிஷ் போட்ட தரை, பச்சைக் கதவு, அதன் முன்னால் ஒரு நாய். முதலில் எனக்குத் தெரியவில்லை. விலா எலும்புகள் தெரிந்தன. ஒரு காது நுனியில் கிழிந்திருந்தது. ஆரணி சொன்னாள், பிஸ்கட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன், அட்டையில் இருந்த விலாசத்துக்கு, அம்மா தபாலில் போட்டா, மிஸ் பதில் எழுதியிருக்கிறா என்று. கடிதத்தை வாசிக்கத் தந்தாள். நாலே வரி. பிஸ்கட் சுகம். வந்த நாளிலிருந்து என்னோடுதான் இருக்கிறது. கொஞ்சம் மெலிந்துவிட்டது, உங்களைத் தேடுகிறது போல. கவலைப்பட வேண்டாம்.

கீழே பேஸ்மன்ட்டுக்குப் போய் அங்கிருந்த கட்டிலில் இருந்தேன். மேலே பனி விழுகிற சத்தம் கேட்காத சத்தமாக இருந்தது. பிள்ளையின் வாழ்த்து மட்டை அந்தப் பச்சைக் கதவால் உள்ளே போனபோது, நாய் அங்கே இல்லை. அவர் அதைத் தேடிப் பிடித்து, என் பொய்யை உண்மையாக்கியிருக்கிறார். நான் ஒரு கடிதம் எழுதவில்லை. ஒரு போன் எடுக்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு ஒரு புகைப்படம் வந்தது. நாய் தேறியது, தடித்தது, முகவாய் நரைத்தது. ஆரணி வளர்ந்தாள். ஒவ்வொரு படத்தையும் என்னிடம் காட்டினாள். ஒவ்வொரு முறையும், நல்லா இருக்குது என்று சொன்னேன்.

ஒன்பது வருடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தேன். மனைவியை அங்கேயே எரித்தோம். குளிர் என் மூச்சுக்கு ஒத்துவரவில்லை. பழைய வீடு நின்ற ஒழுங்கையில் இப்போது மாடிக் குடியிருப்புகள்தான். அவற்றில் ஒன்றில் ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

பச்சைக் கதவைத் திறந்தவர் மிகச் சிறுத்துப் போயிருந்தார். முகத்தைப் பார்க்குமுன் என் கால்களைப் பார்த்தார்.

“வாங்க, சேர்” என்றார். “அவர் போய்ட்டார். போன மாசிக்குத்தான்.”

நாயைத்தான் சொன்னார்.

நிலத்தில் இருந்தோம். அவர் சொல்லிக்கொண்டு போனார், குற்றம் சாட்டும் குரலில் அல்ல, பஸ் வழி சொல்வதுபோல. வாழ்த்து மட்டை வந்த அன்றே வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறார். நாங்கள் விற்ற வீடு இடிபட்டுக் கிடந்தது. சந்தியில் ஓட்டோக்காரரைக் கேட்டார். அவர் பேலியகொடை என்றார். ஸ்டோர்க்காரர், அது குரைக்கிற நாயில்லை என்று எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தார். மீன்சந்தைக்குள் மூன்று விடியல் தேடினாராம். ஐஸ் தண்ணீரும் செதிலும் காலுக்குள். மூன்றாம் நாள், மீன் வெட்டும் மேசையொன்றின் கீழே கன்னத்தை நிலத்தில் வைத்துக்கொண்டு கிடந்தது.

“கூப்பிட்டேன். எழும்பேல்ல. தமிழ் மறந்துட்டு. மீன் வெட்டுற தம்பி சிங்களத்தில கூப்பிட்டார், உடனே எழும்பி வந்தது. அவர்தான் மீன் தலையெல்லாம் போட்டு வளர்த்திருக்கார். நல்ல மனுசன். கொண்டுபோங்க அக்கே, இது கால்களைப் பாத்துக்கொண்டே கிடக்குது, ஆரையோ தேடுதுன்னார்.”

நான் அப்போதுதான் சொன்னேன். கேற்றடியில் சொன்னது பொய் என்று. ஸ்பொன்சர் அப்போதே போட்டிருந்தது என்று. கண்ணூறு என்று சொல்லவும் வாய் கூசியது, ஆனாலும் சொன்னேன்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

“எங்கிட்ட ஒரு பன்னிரண்டு வயசு நாயம்மா இருந்தாங்க அப்ப” என்றார். “கண் மங்கல். நல்ல குணம். பிள்ளைங்கன்னா உயிர். ரெண்டு வருசம்னு சொல்லியிருந்தா அவங்களைத் தந்திருப்பேன். பிள்ளைட மடியிலயே போயிருப்பாங்க.” கவுனின் விளிம்பை இழுத்துவிட்டார். “அவங்களுக்கும் வீடு கிடைக்காமப் போச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“எனக்கு ஒண்டுதான் பாரம் சேர். ஒரு வீட்டிலயும் நாயைப் பத்திப் பொய் சொன்னதில்ல. அந்தப் பிள்ளைக்கு மட்டும் பத்து வருசமா எழுதியிருக்கேன், வந்த நாள்ல இருந்து என்னோடதான்னு. நீங்க சொல்லிடுங்க. நான் சொல்லக்கூடாது.”

சொல்கிறேன் என்றேன். வாசலில், தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். ஒருநாள் வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்றார்.

அவர் வரவில்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த ஞாயிறு, ஆரணியின் பரீட்சை முடியட்டும் என்று ஏழு மாதம் போயிற்று. பிறகு அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் என் நம்பரைத் தேடி எடுத்துச் சொன்னாள், மிஸ் காலமாகிவிட்டா, நாலு நாளாகிறது, சில வீடுகளுக்கு அறிவிக்கச் சொல்லிப் பெயர்கள் எழுதி வைத்திருந்தா என்று. எங்கள் வீடும் அதில் இருந்தது.

அன்று பின்னேரமே ஆரணிக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேற்றடியில் சொன்னதை, ஓட்டோவை, கயிற்றை. அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது. தமிழ் அவளுக்குத் தடக்கும், எங்களோடு இங்கிலீஷில்தான் கதைப்பாள். கேட்டு முடித்தபின் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த நாலு மாசமும் அது எங்க படுத்தது, அம்மப்பா?”

“மீன் வெட்டுற மேசைக்குக் கீழ” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. மூச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. மூன்று மாதமாகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பகல் இரண்டு மணிக்கு இந்த வீட்டில் நான் மட்டும்தான். வந்து பார்ப்பதாகச் சொன்னவர் வரவில்லை என்பதால், சில நாட்களில் அவருக்காக நானே பார்க்கிறேன். துவாயொன்றை விரித்து, முதலில் இருந்து, பிறகு மெல்லச் சரிந்து, கன்னத்தை நிலத்தில் வைக்கிறேன். இந்த வயதில் எழும்புவது பிறகு பெரிய பாடு. ஐந்தாம் மாடிக்கும் கடல் வெளிச்சம் வருகிறது. ரயில் போகிறது, அலுமாரி கிணுகிணுக்கிறது. எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குச் சரியான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. இருதய வைத்தியர் சொன்ன பதில்.

கதவுக்குக் கீழே இரண்டு விரல் அகல இடைவெளி. அதால் வெளி நடையில் போகிறவர்களின் கால்கள் தெரியும். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருபவரின் கால், எதிர்வீட்டு அம்மாவின் கால், லிப்டுக்கு ஓடும் சின்னக் கால்கள். ஒவ்வொரு சோடியும் தூரத்தில் தெரியும்போது என் உடம்பில் எங்கோ ஒன்று எழும்புகிறது. வந்து, கடந்து போகின்றன.

இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கிறேன்.